இரண்டு படி இலந்தைக்கு எத்தனை கிலோ

மாசி 4, புதன்
காலையில் பனி. மலை உச்சி தெரியவில்லை. வேலை: ரேஷன் சர்க்கரை, செருப்பு தைக்க, சரோஜாவுக்குப் பதில்.

பம்பாயிலிருந்து மகள் சரோஜாவின் இன்லண்ட் லெட்டர். மசக்கை. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லையாம். 'அம்மா போடுற இலந்த வடைதான் வேணும்னு இருக்குது. இங்க பழம், வெல்லம் எல்லாம் கிலோ கணக்குதான். எது எவ்வளவுனு எழுதுங்கப்பா. நானே இடிச்சுக்கிறேன்.'

அவள் அம்மா போய் ஏழு மாதம். அதற்கப்புறம் பெண் என்னிடம் கேட்ட முதல் பொருள். சரியாக எழுதிவிட வேண்டும்.

மாசி 5, வியாழன்
இவள், சரோஜாவின் அம்மா, எழுதி வைத்த கணக்கு கிடைத்தது. காலண்டர் அட்டைக்குப் பின்னால், பென்சிலில்:
இலந்தை 2 படி
வெல்லம் ½ படி
உப்பு ½ ஆழாக்கு
மிளகாய் 20, பெருங்காயம்

அவ்வளவுதான். "ஊரே கிலோவுக்கு மாறிடுச்சு, நீ மட்டும் படியைக் கட்டிக்கினு அழு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அல்லவா, திமிர். "ஒரு நாள் தராசு கொண்டாங்க, அளந்து போடுறேன், நீங்க எழுதிக்குங்க" என்பாள். கொண்டுவந்தேனா? இல்லை. பாவி.

மாசி 7, சனி
நல்ல வெயில். அடி அண்ணாமலை ஊர்க் கூடைக்காரம்மாவிடம் இலந்தை வாங்கினேன். மளிகைக் கடையில் கேட்டுத் தராசும் எடைக்கல்லும். முதல் தடவை பித்தளைப் படியோடு சேர்த்து நிறுத்துவிட்டேன். சீ. மறுபடி.

தலை தட்டி 2 படி = 2 கிலோ. வெல்லத் தூள் 550 கி. உப்பு 120 கி.

எதிர் வீட்டு முனியம்மா எட்டிப் பார்த்தாள். வருஷா வருஷம் இவளோடு சேர்ந்து இடித்தவள்.

"இன்னா சார், பழத்தைப் போயி தலை தட்டிக்கினு? அரிசியா அது? குவிச்சு அளக்கணும். அளந்துட்டு மேல ஒரு கை அள்ளிப் போடும் அக்கா. அதான் கணக்கு."

குவித்தால் 2 கிலோ 300. ஒரு கை? என் கையால் அள்ளி நிறுத்தேன். 150 கி. முனியம்மா சிரித்துவிட்டாள். "உங்க கை மொறமாட்டம் இருக்குது சார். ஜாஸ்தி. அக்கா கை எம்மாத்தூண்டு!"

அந்தக் கை எவ்வளவு கொள்ளும்? முப்பத்தொரு வருஷம் அந்தக் கை போட்ட சோறு. தெரியவில்லை. கேட்க ஆளும் இல்லை. உட்கார்ந்து அழுதேன். முனியம்மா போய்விட்டாள்.

மாசி 8, ஞாயிறு
குழாயில் தண்ணீர் இல்லை. பல் வலி.

பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. சரோஜா கல்யாணத்துக்கு வளையல் வாங்கிய நாள். அம்மா கை, பெண் கை இரண்டையும் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "ரெண்டு பேருக்கும் ஒரே சைஸ்தாம்மா, மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்" என்றார். இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வீடு வரும்வரை அதே பேச்சு.

உடனே லெட்டர் எழுதினேன். எல்லாம் கிலோவில், கிராமில். கடைசி வரி மட்டும்: 'மேலே உன் கையால் ஒரு கை பழம். அதை நிறுக்காதே.'

தபாலில் போட்டாயிற்று. தராசைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. பழம் முறத்தில் அப்படியே. முனியம்மா உரலைக் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"இடிச்சிடலாமா சார்?"

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன். சரி என்றேன். குவித்து அளந்து கொட்டினாள்.

"மேல ஒரு கை போடுங்க சார்."

அரைக் கைதான் அள்ளினேன்.