பாதித் தாடை

இன்று காலையில் காலில் கட்டுப்போட்ட ஒருவர், சாலைக் கடைத்தெருவில் இருக்கும் நம் ஜவுளிக் கடைக்கு வேட்டி வாங்க வந்தார். அவர் உட்கார்ந்ததும், புண்ணுக்கு வைத்துக் கட்டும் அயடோபார்ம் மருந்தின் நெடி குப்பென்று அடித்தது. விரித்த வேட்டியை அப்படியே போட்டுவிட்டுத் தெருவில் போய் நின்றேன். உன் தாடைக் குழியில் திணித்திருந்த துணியிலும் இதே நெடிதான்.

உனக்கு முதலில் வலிகூட இல்லை. இடது கடைவாய்க்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம், அவ்வளவுதான். சொத்தைப் பல் என்று நினைத்துப் பிடுங்கினோம். வீக்கம் வளர்ந்துகொண்டே போனது. ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்தினார். முட்டை ஓடு போல நெரிந்தது. கட்டி எலும்பைத் தின்றுவிட்டது, உள்ளே நீர் கோத்திருக்கிறது என்றார்.

"சுரண்டி எடுத்தா முகம் தப்பும். ஆனா பின்னேயும் வரும். பாதித் தாடையோட எடுத்தா வராது. ஆலோசிச்சு நாளைக்கு வாங்க."

மறுநாள் வில்வண்டியில் போகும்போது நீ சொன்னாய்: "தாடை போனா போகட்டு. பிள்ளைகளுக்கு நான் இருந்தாப் போதும்." நானும் சரி என்றேன்.

டாக்டர் உன்னிடம்தான் கேட்டார். "அம்மாவுக்கு எந்தா அபிப்ராயம்?" நம் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆணிடம் நேராகப் பேசுவதில்லை. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய், நான் சொல்வேன் என்று.

"சுரண்டினாப் போதும்னு சொல்லுதா" என்றேன்.

பாதி முகத்தோடு உன்னைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. வெளியே வந்ததும், "நான் அப்படியா சொன்னேன்?" என்று மட்டும் கேட்டாய். நான் வண்டிக்காரனைக் கூப்பிடப் போனேன்.

சுரண்டி எடுத்த கட்டி நாலு வருஷம் கழித்துத் திரும்ப வந்தது, அப்போதும் வலியில்லாமல். நீ முந்தானையால் மறைத்தாய். நான் பார்த்தும் பார்க்காதவன் போல இருந்தேன். கேட்டால் அந்தப் பழைய கேள்வியை நீ மறுபடி கேட்பாயே. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது காதுக்கு மேலே ஏறியிருந்தது. இனிக் கத்தி வைக்க வழியில்லை என்றார்கள்.

நீ போன பிறகு, தாடையை எடுக்க நீதான் சம்மதிக்கவில்லை என்று வீட்டில் பேச்சானது. யார் ஆரம்பித்தார்களோ, நான் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எந்த வாயால் மாற்றிச் சொல்வேன்?

நேற்று மூத்தவள் தன் மாமியாரோடு வந்திருந்தாள். எல்லோருக்கும் சோறு பரிமாறிக்கொண்டே, "அம்மைக்கு மொகத்துமேல அத்தனை ஆசை. எங்களைக்கூட நினைக்கல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே அப்பா?" என்றாள்.

நான் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டேன்.