எட்டு மணி நேர ஆட்டம்

என் பகை நாட்டு ராணிக்கு,

நம் போர் விளையாட்டுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். அம்மாவையோ இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தாக வேண்டும். மூன்று வருடமாக, பலகையில் காய்களை அடுக்கி இரண்டு சுற்று ஆடுவதற்குள் அலாரம் அடித்துவிடும். "உன் கோட்டையைப் பிடிக்கிறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிடும்டி" என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பெட்டியில் போடுவாய்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வாடகைக் கட்டிலையும் நேற்று திருப்பிக் கொடுத்தாயிற்று. அது கிடந்த மூலையில் பலகையை விரித்திருக்கிறேன். இனி எடுத்துவைக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வா, முழு ஆட்டம் ஆடலாம்.

அலாரத்தை நிறுத்திவிட்டேன். அப்படியும் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அந்த மூலைக்குப் போய் நிற்கிறேன். நடுவில் நான் எழுந்தால், "ஆட்டம் இன்னும் முடியலை, உட்காருடி" என்று அதட்டு.

உன் எதிரித் தளபதி