ஒண்ணுமில்ல என்று சொல்லவிடாதவளுக்கு

கம்பெனி பஸ் இன்று கிருஷ்ணகிரியைத் தாண்டும்போது மாங்கூழ் ஆலையின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. சீசன் தொடங்கிவிட்டது. நீ இருந்திருந்தால் சூளகிரியில் ஏறியதும் மூக்கைச் சுளித்து, உங்கள் ஊர் பஸ்ஸே மாம்பழமாக நாறுகிறது என்று என்னைச் சீண்டியிருப்பாய். உன் சீட்டில் இப்போது வேறொரு பெண் உட்காருகிறாள். நல்ல பெண்தான். எனக்குத்தான் இன்னும் அவளோடு பேச மனம் வரவில்லை.

நான் சிவகாசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். நீ பேரிகைக்காரி. வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சூப்பர்வைசரைத் திட்ட மட்டும் கன்னடம். காருக்குப் போகும் ஒயர்களைப் பலகையில் பரப்பி டேப் சுற்றும் வேலையில் நாம் இருவரும் அடுத்தடுத்து நின்றோம். பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் ரிலீவர் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டும். அவளைக் கூப்பிடக் கூச்சப்பட்டே லைனில் பாதிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. நானும் வெறும் டீயில் ஷிப்டை ஓட்டுகிறவளாக இருந்தேன்.

ஒரு காலை ஷிப்டில் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்தன, மூச்சு போதவில்லை. செத்துவிடுவேன் என்றே நம்பினேன். வலிப்பு என்று நினைத்து யாரோ என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த இ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. அடுத்த வாரம் பஸ்ஸிலேயே வந்தது. அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை வந்தபின் மாமியார் வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். லீவுக்கு நடிக்கிறாள் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். மறுபடி எப்போது வருமோ என்ற பயத்திலேயே நாள் போயிற்று. வேலையை விடுவதாகக் கடிதம் எழுதிப் பையில் வைத்தேன். அந்த வேலையை விட்டால் இந்த ஊரில் எனக்கென்று எதுவும் கிடையாது.

கடிதத்தைப் பிடுங்கி உன் பையில் போட்டுக்கொண்டாய். “இது எங்கிட்டயே இருக்கட்டும். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு நட” என்றாய். உன் லீவையும் போட்டுவிட்டு என்னோடு வந்தாய்.

டாக்டரம்மா தூக்கம், சாப்பாடு, வீடு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்றேன். நீ குறுக்கே புகுந்தாய்.

“பொய் சொல்றா டாக்டர். அஞ்சாம் மாசத்துல கொழந்த தங்கல. பத்தாம் நாளே டியூட்டிக்கு வந்துட்டா. இன்னிக்கு வரைக்கும் அழுவல.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ரத்தமும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தைராய்டு சரியாக இருந்தது, ரத்தம்தான் மிகக் குறைவு. பயம் வந்து உடம்பைப் பிடித்துக்கொள்வது இது என்றார். பெண்களுக்கு இது வர ஒரே காரணம்தான் என்று சொல்ல முடியாதாம். கர்ப்பம் கலைந்தபின் உடம்பு மாறுவது, ஷிப்டில் கெட்ட தூக்கம், பட்டினி, அழாமல் விழுங்கிய துக்கம் எல்லாம் சேர்ந்தும் வரலாமாம். “நடிப்பும் இல்ல, பைத்தியமும் இல்லம்மா. வைத்தியம் இருக்கு” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனாலும் உன்மேல் கோபம். என் குழந்தையைப் பற்றி அடுத்தவர் முன் சொல்ல நீ யார் என்று ஒரு வாரம் பஸ்ஸின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். நீ கண்டுகொள்ளவே இல்லை. தினமும் ஒரு பாட்டில் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, ரிலீவரை லைனே கேட்கும்படி நீயே கூப்பிட்டாய். அடுத்த முறை படபடப்பு வந்தபோது சாவியும் இல்லை, கூட்டமும் இல்லை. “வந்துச்சா? வரட்டும், போயிரும். நான் இங்கதான் நிக்கறேன்” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அன்று என் பலகையையும் நீயே சுற்றி முடித்தாய். மாத்திரையும் பேச்சுமாக ஏழெட்டு மாதத்தில் நான் தேறினேன். கடிதத்தை நீ திருப்பித் தரவே இல்லை.

போன வருடம் உன் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்துக் கேட்டேன். ஒண்ணுமில்ல என்றாய், நாட்டு மருந்து குடிப்பதாகச் சொன்னாய். நான் நம்பிவிட்டேன். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவளை நான் இழுத்துக்கொண்டு போகவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி என்னோடுதான் இருக்கும். அதைவிடப் பெரியது உனக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன்.

காமாலை முற்றி நீ போய், பேரிகையில் உன்னை எடுத்த அன்று, உன் வீட்டு வாசலில் பெண்களுக்கு நடுவே இருந்தபோது எனக்குப் பழையபடி வந்தது. விரல்கள் மரத்தன. எனக்காகப் பேச நீ இல்லை. பக்கத்திலிருந்த ஒரு வயதான அம்மாவின் கையைப் பிடித்து, “எனக்குப் படபடப்பு வருது. பயப்படாதீங்க, போயிரும். கொஞ்ச நேரம் கூட இருங்க” என்றேன். அவர் என்னைச் சாய்த்துக்கொண்டார். மூச்சு நிதானப்பட்ட பிறகு, எத்தனை நாளாக இப்படி என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

“எனக்கு ஒரு கொழந்த இருந்துச்சு” என்று ஆரம்பித்தேன். அதை என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.