பின்சுவர் ஈரம்

ஐப்பசி 11, செவ்வாய்

இந்தச் சுவர் என் உயிரை வாங்குகிறது. படுக்கையறைப் பின்சுவர் மறுபடியும் ஊறிவிட்டது. பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை. பட்டுப்புடவைகளில்கூட அந்த வாடை. மொட்டைமாடிக்கு மட்டமான பூச்சு வாங்கி அடித்துவிட்டார் என்று பத்து நாளாக என் வீட்டுக்காரரைத்தான் வறுத்தெடுத்தேன்.

இன்று செம்மநத்தத்திலிருந்து மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மாடிக்கு ஏறவே இல்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனார்.

"ஏனுங்க அக்கா, தண்ணி மேல இருந்து வரலீங்க. பின்னால மேட்டுத் தண்ணி செவுத்துல எறங்குதுங்க. மலைச்சரிவுல ஊடு கட்டுனா பின்னால வாய்க்கால் இருக்கோணுமே. அதை ஆருங்க மூடுனது?"

நான்தான். அட்டை ஏறுகிறது, பாம்பு வரும் என்று போன கோடையில் கூடவே நின்று கான்கிரீட் போடவைத்தேன். அதன்மேல் துவைகல்லும் வைத்தேன். இவர் அப்போதே வேண்டாம் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க மேஸ்திரி, தெரியாம மூடிப்போட்டனுங்க."

மேஸ்திரி அரைமணி நேரம் இவருக்குப் பாடம் நடத்தினார். இவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

நாளைக்குக் கான்கிரீட்டை உடைக்கிறார்கள். மழையும் விட்டபாடில்லை. பழியை ஏற்றுக்கொள்ளச் சொல்லி இவரை யார் கேட்டது? தனியாக இருக்கும்போதாவது ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியிருந்தால், பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நானும் தூங்கியிருப்பேன். இவரோ குறட்டை விடுகிறார்.