சீதம்மா அக்கா போட்ட உப்பு

வெள்ளி, ஆகஸ்ட் 14. ராஜபாளையம்.
புழுக்கம். மில்லில் முதல் ஷிப்ட். மாதா சப்பரத்துக்கு டியூப் லைட் கட்டியாயிற்று. நாளை ராத்திரி சப்பரம் போகும்போது அம்மன் கோயில் முக்கில் பேண்டு அடிக்கக் கூடாது என்று அந்தத் தெருக்காரர்கள். அடித்தே தீருவோம் என்று நம் சர்ச் ஆட்கள். முன்னால் நிற்பது என் தம்பி அந்தோணி. ஒரு வாரமாக இதே ரகளை. வெறுத்துவிட்டது.
வாங்க: மெழுகுவத்தி, பிளேடு, அம்மாவுக்குத் தைலம்.
அதே முக்கு வீட்டு சீதம்மா அக்கா நிறுத்தினார். பிள்ளைக்கு டைபாய்டு இறங்கிவிட்டதாம். "மாதாவுக்கு நேத்திக்கடன் இருக்கு தம்பி. மாடியில இருந்து போட்டா சேருமா?" சேரும்க்கா, எங்க ஆளுக மாதிரி சப்பரத்து மேல உப்பும் மிளகும் போடுங்க என்றேன்.

சனி.
முக்கில் பேண்டு நிற்கவில்லை. இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து அக்கா போட்டார். பிரித்துத் தூவாமல் பொட்டலத்தோடு எறிந்துவிட்டார். பாவம், அவருக்கு யார் சொன்னது? டியூப் லைட் வெடித்து மாதா மேல் கண்ணாடி.
"கல்லெறியுதானுவ லே!" அந்தோணிதான். சக்கரத்துக்குப் போடும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கதவு பிளந்தது. அக்கா வீட்டுக்காரர் சுப்பையா மண்டையில் ஒரே அடி. பிறகு யார் யாரை அடித்தார்கள், தெரியாது. சைக்கிள் கடை எரிந்தது. லத்தி. என் காலடியில் மிளகு, ரத்தம்.

ஞாயிறு.
பூசை இல்லை. பால் வரவில்லை. சுப்பையா மதுரை ஆஸ்பத்திரியில், நினைவு இல்லை. கல்லெறிந்ததாக அக்காவைப் போலீஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய்விட்டார்கள்.
அந்தோணி: "யாரு கேட்டாலும் கல்லுன்னே சொல்லு. உப்புன்னா நான் உள்ள போயிருவேண்ணே."
அம்மா: "கூடப் பொறந்தவனக் காட்டிக் குடுத்துராத ய்யா."
சின்னதில் இவனைத் தோளில் ஏற்றிச் சப்பரம் காட்டியவன் நான். இன்று அடித்துக் கொல்லலாம் போல வருகிறது.

செவ்வாய்.
ஸ்ரீவி. போய் வந்தேன். பஸ்ஸில் நாலே பேர். இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். அது உப்பு. போடச் சொன்னது நான். கட்டையால் அடித்தது என் தம்பி. எழுதிக்கொண்டார்கள்.
பெஞ்சில் சீதம்மா அக்கா. திட்டுவார் என்று நினைத்தேன். "சேந்துச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.
விளக்கு வைக்கிற நேரம். எழுதும்போதே ஓட்டின் மேல் விழுகிறது. நிஜக் கல். அம்மா ஜெபமாலையோடு கட்டிலுக்கு அடியில். வந்திருப்பது நம் சர்ச் ஆட்கள். அந்தோணி குரலும் கேட்கிறது.
"வெளிய வாண்ணே."