ஆயருக்குத் தெரிந்திருந்தது

என் உயிரான அண்ணா,

உங்கள் ஆயரின் சரித்திரத்தை எழுதி முடித்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விரி என்ற புறநகரில் பண்டகசாலை வேலை முடித்து வந்து, எட்டு வருடமாகச் சமையலறை மேசையில் எழுதினீர்கள். குருமடத்தில் படித்த லத்தீன் இதற்காவது உதவட்டும் என்பீர்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஐரோப்பியக் கத்தோலிக்க ஆயர். வாலிபத்தில் காதல் கவிதை எழுதியவர், பிறகு அரசனின் தூதராகப் பகை நாட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசியவர். அவரைப் பற்றி எங்கள் வீட்டு ஆள் போலவே கதைத்தீர்கள்.

கடைசி ஒரு வருடம் ஏன் ஒரு வரியும் எழுதவில்லை? நெஞ்சு வருத்தமும் ஆஸ்பத்திரி அலைச்சலும்தான் காரணம் என்று நம்பியிருந்தோம். நீங்கள் கண்மூடிய பிறகுதான் குறிப்புகளை வாசித்தேன். அரசன் ஒப்பந்தத்தை முறிக்கப்போவது ஆயருக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கையெழுத்திட்டார். அவரை நம்பிய எல்லைப் பட்டணம் எரிந்தது. அந்தப் பக்க ஓரத்தில், 'இவருமா?' என்று எழுதி நிறுத்தியிருந்தீர்கள். சமாதானம் என்ற சொல்லை நம்பி ஊரில் தங்கி, போரில் எல்லாம் இழந்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள் அல்லவா நாம்?

பாபடோயிட்டோயில் நடக்கும் தமிழ் வாசகர் வட்டத்தில் ஒரு பெரியவர், ஆயரின் அந்தத் துரோகத்தை விட்டுவிட்டு நல்லபடியாக முடிக்கச் சொன்னார். "விட்டால் நானும் பொய்க்குக் கையெழுத்து வைச்ச மாதிரி, ஐயா" என்றேன். அவர் பிறகு வற்புறுத்தவில்லை.

நீங்கள் வாசிக்காமல் விட்டிருந்த மீதி லத்தீன் பிரதிகளை உங்கள் மகள் பல்கலைக்கழக ஆசிரியை ஒருவரிடம் கொண்டுபோனாள். அவற்றில் ஆயரின் முதுமைக் கவிதை ஒன்று இருந்தது; ஆசிரியை அதை மொழிபெயர்த்துச் சொன்னார். ஆயர் தூதர் பதவியை உதறியிருக்கிறார். எரிந்த பட்டணத்து அகதிகளைத் தன் அரண்மனையிலேயே குடியேற்றியிருக்கிறார். 'எனக்குத் தெரிந்திருந்தது' என்று தன் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் நாலு பக்கம் புரட்டியிருக்கக் கூடாதா, அண்ணா?

எப்போதும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லும் உங்கள் மகள், அன்று தமிழில் கேட்டாள்.

"மாமி, அப்பா இதை வாசிச்சிருந்தா ஆயரை மன்னிச்சிருப்பாரா?"

"தெரியாது பிள்ளை. ஆனா எழுதி முடிச்சிருப்பார்."

கடைசி அத்தியாயத்தை நான் அப்படித்தான் எழுதினேன், எதையும் மறைக்காமல். புத்தகம் அச்சுக்குப் போகும். அட்டையில் உங்கள் பெயர் மட்டுமே இருக்கும். அந்த அத்தியாயத்தில் பிழையிருந்தால் அது என்னுடையது என்று உள்ளே எழுதி, என் பெயரைப் போடுவேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின் பிறந்தவள்,
உங்கள் தங்கச்சி