வெறுங்கையோடு மலையேறிய மச்சானுக்கு

கடைத்தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காத என் அருமை மச்சான் சீனிவாசனுக்கு,

உன் பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் வருஷத்துக்கு ஒருமுறை போடும் மலருக்கு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். உன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றி எழுதியது அந்த மலரில்தானே? பதிலும் அங்கேயே வரட்டும். நீ இப்போது எங்கே இருக்கிறாய் என்பதும் நம் குடும்பத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

‘பயணமும் பண்பாடும்’ என்று தலைப்புப் போட்டிருந்தாய். ஊர் பார்க்கப் போகிறவர்கள் ஒரு வகை, கடை பார்க்கப் போகிறவர்கள் இன்னொரு வகை என்றாய். இரண்டாவது வகைக்குப் பண்பாடு கிடையாது, பை நிறைந்து வரும், மண்டை காலியாக வரும் என்றாய். ‘என் நெருங்கிய உறவினர் ஒருவரே இதற்கு உதாரணம்’ என்று வேறு எழுதினாய். பெயர் போடவில்லை. என் தங்கை உன் வீட்டில், உன் தங்கை என் வீட்டில். ஆலங்காயத்தில் அந்த உறவினர் யார் என்று தெரியாதவர் உண்டா? என் கடைக்குப் பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்கள்கூட என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த தாள்களைப் படித்துத்தான் எனக்கு எழுத்தே வசப்பட்டது. கடையிலிருந்து வந்த எதையும் நான் மட்டமாக நினைத்ததில்லை.

மைசூரு போனோமே, நினைவிருக்கிறதா? நீ அரண்மனைக்குள் அண்ணாந்து சரவிளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மார்க்கெட்டில் ஒரு கிழவர் வெற்றிலை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காம்பை உள்பக்கம் வைத்து, பூ விரிந்த மாதிரி வட்டமாக அடுக்கினார். அப்படி அடுக்கினால் நடு இலை வாடாதாம். எனக்குக் கன்னடம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சொல்லிக்கொடுத்தார். அந்த அரண்மனையில் யாராவது உன்னிடம் ஒரு வார்த்தை பேசினார்களா? அங்கே நான் வாங்கிய பாக்குவெட்டியில் கடைசிவரை பாக்கு வெட்டிக்கொண்டே என்னைத் திட்டினாய்.

சரி. போன வருஷம் பலாப்பழக் காலத்துக்கு வருகிறேன்.

மலைமேல் புதூர்நாட்டுக்கு அப்பால், காட்டு மேட்டில் இருக்கும் கல்வீடுகளைப் பார்க்கவேண்டும் என்று நீதான் பிடிவாதமாக நின்றாய். நாலு பக்கமும் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், முன்பக்கம் வட்டமாக ஓர் ஓட்டை. இடுப்பு உயரம்கூட இருக்காது. ஆதி மனிதர்கள் செத்தவர்களுக்குக் கட்டியது என்று ஜீப்பில் பாடம் நடத்தினாய். ஜீப் ஓட்டியவர், “குட்டை மனுஷங்க வூடுன்னு சொல்லுவாங்க சார்” என்றார். நீ அவரைத் திருத்தினாய்.

அன்று சந்தை நாள். சாமையும் புளியும் விற்றுக்கொண்டிருந்த குப்பம்மாவிடம் நான் உட்கார்ந்துவிட்டேன். நீ கையை வீசிக்கொண்டு நடந்தாய். அந்தம்மாதான் உன்னைக் கூப்பிட்டாள்.

“சார், மேல போறதா இருந்தா ஒரு கை சாமை எடுத்துக்கினு போங்க. வெறுங்கையோட அங்க போவக்கூடாது.”

“நான் வாங்க வரலம்மா. பாக்க வந்தேன்.”

“பாக்கத்தான் சொல்றேன். ஒருத்தர் வூட்டுக்குப் போறீங்க இல்ல?”

“வெறுங்கையோட போனா இன்னா பண்ணுவாங்க?” என்று நான் கேட்டேன்.

“ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வந்தவங்கள வெறுமன அனுப்ப மாட்டாங்க, அவ்ளோதான். யாரையாவது கூட அனுப்பிடுவாங்க.”

நீ சிரித்தாய். “இன்னா மச்சான், இந்தம்மாவும் உன் கட்சிதான். செத்தவன் வூட்டுக்குப் போனாலும் யாவாரம்.”

நான் ஒரு கை சாமை வாங்கி, தேக்கிலையில் மடித்து வைத்திருந்தேன். உன்னிடம் நீட்டத்தான் வாங்கினேன். அந்தப் பேச்சைக் கேட்டதும் என் பையில் போட்டுக்கொண்டேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இரண்டடி எடுத்து வைத்து உன் கையில் திணித்திருக்கலாம். கோபம், மச்சான். அந்தக் கட்டுரைக் கோபம்.

உச்சி வெயிலில் போனவன் ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்தாய். சட்டையெல்லாம் ஈரம், ஆனால் கையைத் தொட்டால் கிணற்றுக் கல் மாதிரிச் சில்லென்று இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் திரும்பும்போது வீடு வரை வகுப்பெடுப்பாயே, அன்று பாடம் எதுவும் இல்லை. ஜீப்பில் ஓர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாய். பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. “இன்னும் கொஞ்சம் நகருய்யா” என்று என்னையும் தள்ளினாய்.

அதன் பிறகு நடந்ததை என் தங்கை சரோஜா சொல்லித்தான் தெரியும். நீ கடைக்குப் போக ஆரம்பித்தாய். தினமும். முதல் நாள் ஒரு சின்னச் சட்டி. அடுத்த நாள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முறம். பிறகு சின்னத் துடைப்பம், சின்ன உரல், பொம்மைக்குப் போடுகிற மாதிரி வளையல். எல்லாவற்றையும் அலமாரியில் உன் புத்தகங்களை எடுத்துவிட்டு வரிசையாக வைத்தாய்.

“யாருக்குங்க இதெல்லாம்?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“கேக்குறாங்க” என்றாயாம்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் பானைக் கடைப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உன் கையை விரித்து அந்தக் குட்டி அகல் விளக்கை எடுத்தவன் நான்தான். மாரடைப்பு என்றார்கள். இருக்கலாம். படித்த டாக்டர் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷம். வாணியம்பாடியில் டீ சொன்னேன், இரண்டு டம்ளர் வந்தது. “ஒண்ணுதானே சொன்னேன்?” என்றேன். “அவருக்கு வாணாவா?” என்று டீக்கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். திருப்பத்தூரில் சேலைக் கடையில், நான் நீலத்தைக் கேட்க, கடைப் பெண் பச்சையை விரித்தாள். “கூட வந்தவரு இதத்தான் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு” என்றாள். கூட்டத்தில் யாரையோ என்னோடு சேர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். பூட்டுக்காரனுக்கு இவ்வளவு நாள் உறைக்கவில்லை பார்.

போன மாதம் உன் வருஷ திதி முடிந்தது. உன் மகன் பிரபு, அப்பா கடைசியாகப் பார்த்த இடத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்க்கவேண்டும் என்று வேன் பிடித்தான். கிளம்பும்போதே என்னிடம் வந்தான்.

“மாமா, இந்த வாட்டி சந்த கிந்தன்னு எறங்காதீங்க. அப்பாவுக்குப் புடிக்காது.”

“உங்கப்பாவுக்குப் புடிக்காததத்தான்டா நாப்பது வருஷமா பண்ணிக்கினு வர்றேன். நீங்க பாருங்க. நான் சந்தைக்குப் போறேன்.”

“வயசானா புடிவாதம் கொறையும்னு சொல்லுவாங்க.”

“எவன் சொன்னான்? அவன இட்டுக்கினு வா.”

சரோஜா மட்டும் ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தாள். நீ வாங்கிய குட்டிச் சாமான்கள். “வூட்ல வெச்சிக்க முடியலண்ணா. காலைல பாத்தா எடம் மாறியிருக்குது” என்றாள். சட்டி அடுப்பங்கரையில் இருக்குமாம். அடியில் கரி பிடித்திருக்குமாம்.

குப்பம்மா அதே இடத்தில் இருந்தாள். நான் எதுவும் கேட்பதற்கு முன் இரண்டு இலையில் சாமையை மடித்தாள்.

“இன்னாத்துக்கு ரெண்டு?”

“ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு அவருக்கு.”

“நான் ஒண்டியாதாம்மா வந்தேன்.”

அவள் முகத்தில் பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. சாமைக் குவியலின் அந்தப் பக்கத்தைத் தாடையால் காட்டினாள். “தோ, கைய வுட்டுப் பாத்துக்கினு நிக்கிறாரே. போன வருஷம் வெறுங்கையோட போனாரே, அந்த சார்தான்.”

அங்கே யாரும் இல்லை. ஆனால் குவியலின் அந்தப் பக்கம் ஐந்து விரலும் உள்ளங்கையும் பதிந்த ஒரு பள்ளம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் கொஞ்சம் ஆழமானது. தானியத்தின் தரம் பார்க்க நான் கையை விடுவேனே, அதே மாதிரி. இதை எப்போது என்னிடமிருந்து கற்றுக்கொண்டாய்?

இரண்டு பொட்டலத்தையும் பையையும் தூக்கிக்கொண்டு மேடேறினேன். பிரபுவும் மற்றவர்களும் படமெடுத்துவிட்டு அருவிக்குப் போயிருந்தார்கள். காற்று இல்லை. ஒரு பறவை இல்லை. என் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் மட்டும். நான் நின்றால் ஓர் அடி தள்ளி நின்றது.

கல்வீட்டு ஓட்டைக்குள் முதலில் சட்டியை நீட்டினேன். தரை எட்டும் என்று நினைத்துத் தோள்வரை கையை விட்டேன். எட்டவில்லை. அப்புறம் சட்டியின் கனம் போய்விட்டது. விழுந்த சத்தம் இல்லை. கடைக்காரர் நீட்டுவதை வாங்குகிறவர் எப்படிப் பதமாக வாங்குவாரோ, அப்படி வாங்கினார்கள். முறம், துடைப்பம், உரல், வளையல், அகல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக. கடைசியில் என் சாமை. பிறகு உன் சாமை. அதை நீட்டியபோது, இத்தனை நேரம் என் முதுகில் இருந்த குளிர் என்னைக் கடந்து உள்ளே போனது.

இறங்கும்போது சருகுச் சத்தம் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

“ஒத்தையா வர்றீங்க. உட்டுட்டு வந்துட்டீங்களா?” என்றாள் குப்பம்மா. சாமைக் குவியல் சமமாக இருந்தது.

எல்லோரும் நல்லது நடந்த மாதிரி இருக்கிறார்கள். சரோஜா நிம்மதியாகத் தூங்குகிறாள். பிரபு எனக்கு வெற்றிலை வாங்கிவந்து கொடுக்கிறான். வாணியம்பாடியில் ஒரு டம்ளர்தான் வருகிறது.

எனக்குத்தான் தாங்கவில்லை. அந்த மேடேறும் நாள்வரை ஒரு கடைவாசல்கூட மிதிக்காதவன், செத்த பிறகு ஒரு வருஷம் என் கூடவே சந்தை சந்தையாக நின்றிருக்கிறாய். சேலையைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய். சாமையில் கைவிட்டிருக்கிறாய். நான் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ளவா நின்றாய்? அல்லது வேறு போக்கிடம் இல்லாமலா? அதைக்கூடக் கேட்காமல், இரண்டு பிடி சாமையில் உன்னை நானே கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

மலரில் இதைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் கைநீட்டி வாங்குகிறவன் அந்த ஊரோடு ஒரு பேச்சு பேசுகிறான். ஒரு வீட்டு வாசலில் போய், கொடுக்காமல் வாங்காமல் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறவனைத்தான் எங்கள் பக்கத்தில் பண்பாடு தெரியாதவன் என்பார்கள். இந்த வரியை யாரும் வெட்டக்கூடாது.

மச்சான், இது உனக்கு மட்டும். அடுத்த பலாப்பழக் காலத்தில், சந்தை நாளில், புதூர்நாட்டுக்கு வருவேன். குப்பம்மா கூப்பிடுவாள். திரும்பிப் பார்க்க மாட்டேன். பிறந்ததிலிருந்து எந்த ஊரிலும் எதுவும் வாங்காமல் திரும்பாத இந்தக் கையை வீசிக்கொண்டு, வெறுமனே மேடேறி, அந்த ஓட்டைக்கு முன்னால் நிற்பேன். வந்தவனை வெறுமனே அனுப்பமாட்டார்கள் அல்லவா? யாரை அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் உனக்கு இடம் விட்டு உட்காருகிறேன்.

உன் தங்கைக்குத் தாலி கட்டியவன்,
உனக்குத் தன் தங்கையைக் கொடுத்தவன்,
கடைக்கார மச்சான் கோவிந்தன்